அம்மாவின் முழங்காலுக்கும் தோளுக்கும் கைரோபிராக்டிக் உதவுமா?

வணக்கங்க. உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். அம்மாவுக்கு 56 வயது, பல்லடம் பக்கம் தறி ஓட்டுகிறார். ஒரு வருடமாக இரண்டு முழங்காலும் வலிக்கிறது, நாலு மாதமாக வலது கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை. கோயம்புத்தூரில் ஒருவர் கைரோபிராக்டிக், அதாவது முதுகையும் மூட்டையும் கையால் சட்டென்று அசைத்து ‘டொக்’ என்று சத்தம் வரவைக்கும் சிகிச்சை, செய்யும் வீடியோவைப் பார்த்திருக்கிறீர்கள். பத்து சிட்டிங்குக்கு மொத்தமாகப் பணம் கட்டச் சொல்கிறார்கள். ‘முதுகுக்கு நல்லது என்கிறார்கள், கை கால் மூட்டுக்கும் ஆராய்ச்சி ஆதாரம் இருக்கிறதா’ என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. மூட்டைக் கையால் அசைத்துச் செய்யும் சிகிச்சைக்கு உண்மையில் பலன் உண்டா? அந்த ‘டொக்’ சத்தத்துக்கு என்ன அர்த்தம்? உங்கள் அம்மாவை அங்கே கூட்டிப் போகலாமா? மூன்றுக்கும் பதில் வேறு வேறு.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான் பிசியோதெரபிஸ்ட். திருப்பூருக்கும் பல்லடத்துக்கும் நடுவில் பத்தொன்பது வருடமாகச் சிறிய கிளினிக் வைத்திருக்கிறேன். பனியன் கம்பெனி டெய்லர்கள், தறிக்காரர்கள், தோப்பில் தேங்காய் உரிப்பவர்கள், தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்துபோய்க் குதிகால் வலியோடு திரும்புகிறவர்கள், இவர்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள். மூட்டைக் கையால் அசைத்துவிடுவது என் தொழிலில் ஒரு பகுதி. அதனால் அந்தப் பக்கம் எனக்குக் கொஞ்சம் சாய்வு இருக்கும், அதை மனதில் வைத்துப் படியுங்கள். கைரோபிராக்டிக் நான் படித்ததில்லை.

இரண்டுக்கும் உள்ள உறவைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கைரோபிராக்டிக் 1895ல் அமெரிக்காவில் அயோவா மாநிலத்தின் டேவன்போர்ட் ஊரில் டேனியல் டேவிட் பால்மர் என்பவர் தொடங்கியது. முதுகெலும்பு தன் இடத்திலிருந்து நகர்ந்து நரம்பைத் தடுப்பதால்தான் பெரும்பாலான நோய்கள் வருகின்றன என்பது அவருடைய கொள்கை. அந்தக் கொள்கையை இன்றைய அறிவியல் ஏற்கவில்லை, அந்தத் துறையிலேயே பலர் விட்டுவிட்டார்கள். ஆனால் கையால் செய்யும் வேலை தங்கிவிட்டது. பிசியோதெரபியில் அதே மாதிரியான வேலை வேறு வழியாக வளர்ந்தது. ஆஸ்திரேலியாவின் ஜெஃப்ரி மெய்ட்லண்ட் மூட்டை மெதுவாக அசைப்பதைப் படிப்படியாகப் பிரித்தார். ஒன்று முதல் நாலு வரை மென்மையான அசைவு, அதற்கு மேல் போனால் சட்டென்று கொடுக்கும் சிறு விசை. வீடியோவில் நீங்கள் பார்ப்பது அந்தக் கடைசிப் படி. கை கால் மூட்டுகளுக்கான ஆராய்ச்சியில் பெரும்பகுதி மெதுவாக அசைக்கும் முறையைத்தான் சோதித்திருக்கிறது. இது முக்கியம், ஏனென்றால் ஒன்றுக்குக் கிடைத்த ஆதாரத்தைக் காட்டி இன்னொன்றை விற்கிறார்கள்.

சரி, அந்தச் சத்தம். மூட்டுக்குள் வழுவழுப்பான திரவம் இருக்கிறது. இரண்டு எலும்பு முனைகளைச் சட்டென்று விலக்கும்போது உள்ளே அழுத்தம் குறைந்து ஒரு வாயு இடைவெளி உண்டாகிறது. 2015ல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் விரல் மூட்டை எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் வைத்து இழுத்து, சத்தம் வரும் அந்த நொடியைப் படம் பிடித்தார்கள். குமிழி உண்டாகும் நேரத்தில்தான் சத்தம் வந்தது. ஒரு தடவை வந்தால் சுமார் இருபது நிமிடத்துக்கு அதே மூட்டில் மறுபடி வராது, வாயு திரும்பக் கரைய நேரம் வேண்டும். நகர்ந்த எலும்பு உட்கார்ந்ததற்கு அது அடையாளம் கிடையாது. சத்தம் வந்தால் கூடுதல் குணம் என்பதற்கும் நல்ல ஆதாரம் இல்லை.

அப்படியானால் செய்த உடனே வலி குறைகிறதே, அது பொய்யா? பொய்யில்லை. நான் தினமும் பார்க்கிறேன். மூட்டை அசைக்கும்போது அங்கிருந்து போகும் உணர்வுச் செய்தி தண்டுவடத்திலும் மூளையிலும் வலியின் அளவைக் கொஞ்ச நேரத்துக்குக் குறைக்கிறது, சுற்றியுள்ள தசையின் இறுக்கம் தளர்கிறது. நம்பிக்கையோடு ஒருவர் தொட்டுக் கவனிப்பதாலும் குறைகிறது. இந்தக் குறைவு பெரும்பாலும் சில மணி நேரம், சில நாள் நிற்கும். அந்த நேரத்துக்குள் என்ன செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தொழிலுக்கு வந்த புதிதில் நானும் “எலும்பு லேசா விலகியிருக்குங்க, சரி பண்ணிட்டேன்” என்று சொல்லியிருக்கிறேன். அப்படிச் சொல்லி அனுப்பிய ஒரு அம்மா, மறுபடி விலகிவிடும் என்று பயந்து ஆறு மாதம் மாடிப்படியே ஏறவில்லை. தொடையில் சதை வற்றி, வலி முன்பைவிட அதிகமாகித் திரும்பி வந்தார். அதற்கப்புறம் அந்த வார்த்தையை நான் யாரிடமும் சொன்னதில்லை.

முழங்கால் தேய்மானத்துக்கு வருவோம். உங்கள் அம்மாவுக்கு அதுவாகத்தான் இருக்க வாய்ப்பு அதிகம். 2000ல் அமெரிக்க ராணுவ மருத்துவமனை ஒன்றில் 83 பேரை வைத்து நடந்த ஆய்வு இந்தத் துறையில் எல்லாரும் எடுத்துப் பேசுவது. ஒரு குழுவுக்குக் கைச்சிகிச்சையும் உடற்பயிற்சியும், இன்னொரு குழுவுக்குப் போலிச் சிகிச்சை, அதாவது வலிக்காக மூட்டு மேல் வைக்கும் அல்ட்ராசவுண்டு கருவியை வேலை செய்யாத அளவுக்குக் குறைத்து வைத்தது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது போலிச் சிகிச்சைக் குழுவில் 20 சதவீதம் பேர் மூட்டு மாற்று அறுவைக்குப் போயிருந்தார்கள், சிகிச்சைக் குழுவில் 5 சதவீதம். அதே ஆய்வாளர்கள் 2020ல் 156 பேரை வைத்து, ஸ்டீராய்டு ஊசியையும் பிசியோதெரபியையும் ஒப்பிட்டார்கள். ஒரு வருட முடிவில் வலியையும் நடமாட்டத்தையும் சேர்த்து அளக்கும் வோமேக் மதிப்பெண், ஊசிக் குழுவில் 55.8, பிசியோ குழுவில் 37.0. குறைந்தால் நல்லது. ஆரம்பத்தில் இரண்டு குழுவும் 107, 108 என்ற அளவில் இருந்தார்கள்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த இரண்டு ஆய்விலும் கைச்சிகிச்சையும் பயிற்சியும் சேர்ந்தே கொடுக்கப்பட்டன. எது வேலை செய்தது என்று பிரிக்க முடியாது. பிரித்துப் பார்க்க முயன்றது நியூசிலாந்தில் நடந்த ஆய்வு, 2013ல் வந்தது, 206 பேர். கைச்சிகிச்சை மட்டும் பெற்றவர்களும் தேறினார்கள், பயிற்சி மட்டும் செய்தவர்களும் தேறினார்கள். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது பலன் கூடிவிடவில்லை. இடுப்பு மூட்டில் நிலைமை இன்னும் குழப்பம். 2004ல் நெதர்லாந்தில் 109 பேரிடம் ஐந்து வாரத்தில் கைச்சிகிச்சைக்கு 81 சதவீதம் பேர் தேறினார்கள், பயிற்சிக்கு 50 சதவீதம். ஆனால் 2014ல் மெல்போர்னில் 102 பேரிடம், கைச்சிகிச்சையும் பயிற்சியும் சேர்ந்த பிசியோவை, சிகிச்சையாளர் முழுக் கவனத்தோடு செய்த போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்டபோது வித்தியாசமே தெரியவில்லை. இரண்டு குழுவுக்கும் வலி குறைந்தது. அந்த ஆய்வைப் படித்த அன்று எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் ஒருவர் உட்கார்ந்து கேட்டு, தொட்டுப் பார்த்து, அக்கறையாகப் பேசுவதே எவ்வளவு வலியைக் குறைக்கிறது என்று அது எனக்குக் காட்டியது.

இதையெல்லாம் அலசிப் பார்த்த வழிகாட்டுதல்களும் அங்கேதான் வந்து நிற்கின்றன. 2019ல் அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர்கள் சங்கம், இடுப்பு முழங்கால் தேய்மானத்தில் பயிற்சியோடு கைச்சிகிச்சையைச் சேர்ப்பதால் கூடுதல் லாபம் போதுமான அளவு தெரியவில்லை என்று, அதற்கு எதிராகவே மென்மையாகப் பரிந்துரைத்தது. இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு 2022ல், செய்வதானால் பயிற்சியோடு சேர்த்து மட்டும் யோசிக்கலாம், தனியாகக் கொடுக்க வேண்டாம் என்றது. ஆக, தேய்மானத்துக்குப் பயிற்சிதான் சோறு. கை தொட்டுக்கொள்ள வைக்கும் பதார்த்தம்.

கைச்சிகிச்சைக்கு நான் தைரியமாக ஆதரவு சொல்வது முழங்கையில். எங்கள் ஊரில் அது கட்டிங் மாஸ்டர்களின் நோய். அடுக்கிய துணியை ஒரு கையால் அமுக்கி, இன்னொரு கையால் கத்தி மெஷினை நாள் முழுக்கத் தள்ளுவார்கள். முழங்கையின் வெளிப்பக்க எலும்பில் தொட்டால் உயிர் போகும், டீ டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாது. டென்னிஸ் எல்போ என்பார்கள், நம் ஆட்கள் டென்னிஸ் மட்டையைத் தொட்டதே கிடையாது. போன மாதம் வந்த ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். பி.பி. பார்க்கும் பட்டையைச் சுருட்டிக் கையில் கொடுத்து, வலி தொடங்கும் வரை மட்டும் அமுக்கச் சொன்னேன். முள் பாதியைத் தாண்டவில்லை. அப்புறம் படுக்க வைத்து, மேல்கையை ஒரு கையால் நிலையாகப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் முழங்கைக்குக் கீழே உள்ள எலும்பை வெளிப்பக்கமாக லேசாகத் தள்ளிப் பிடித்தேன். அப்படியே பிடித்திருக்கும்போது மறுபடி அமுக்கச் சொன்னேன். “வலிக்கலைங்க சார்” என்று தன் கையையே திருப்பிப் பார்த்தார். எட்டு தடவை அப்படிச் செய்தோம், ஒரு சத்தமும் வரவில்லை. நியூசிலாந்தின் பிரையன் முல்லிகன் கண்டுபிடித்த முறை இது.

இதே முறையைப் பயிற்சியோடு சேர்த்து ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் 198 பேரிடம் சோதித்தார்கள், 2006ல் வந்தது. ஆறாவது வாரத்தில் ஸ்டீராய்டு ஊசி போட்டவர்கள்தான் முன்னால் இருந்தார்கள், 78 சதவீதம் பேர் தேறினார்கள். ஆனால் ஊசிக் குழுவில் 72 சதவீதம் பேருக்கு வலி திரும்பியது. ஒரு வருடத்தில் ஊசி கடைசிக்குப் போய்விட்டது. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதே ஒரு வருடத்தில், ஒன்றும் செய்யாமல் பொறுத்திருந்தவர்களும் பிசியோ பெற்றவர்களும் கிட்டத்தட்ட ஒரே நிலைக்கு வந்தார்கள். கை செய்தது, ஆறுவதற்குள் படும் பாட்டைக் குறைத்தது. தினக்கூலி வாங்கும் ஒருவருக்கு அந்த இரண்டு மூன்று மாதம் சின்ன விஷயம் இல்லை. கணுக்கால் சுளுக்குக்கும் குதிகால் வலிக்கும் மூட்டை அசைப்பதில் குறுகிய காலப் பலன் இருக்கிறது, ஆய்வுகள் சிறியவை.

இப்போது அம்மாவின் தோள். இதைத்தான் நீங்கள் முதலில் கவனிக்க வேண்டும். 56 வயது, நாலு மாதம், கை மேலே போகவில்லை என்றால் எனக்கு முதலில் தோன்றுவது தோள் இறுக்கம், ஃப்ரோசன் ஷோல்டர் என்பார்களே அது. வீட்டிலேயே ஒன்று பாருங்கள். முழங்கையை மடித்து விலாவோடு ஒட்டி வைத்து, கதவு திறப்பது போல உள்ளங்கையை வெளிப்பக்கம் திருப்பச் சொல்லுங்கள். இடது கை போகிற அளவில் வலது கை பாதிகூடப் போகவில்லை, நீங்கள் பிடித்துத் திருப்பினாலும் போகவில்லை என்றால் சந்தேகம் வலுக்கிறது. இது சர்க்கரை நோயாளிகளுக்குப் பல மடங்கு அதிகமாக வரும். தோளைக் காட்ட வந்த இடத்தில் சர்க்கரை இருப்பது தெரிய வந்தவர்கள் என் கிளினிக்கிலேயே பலர் உண்டு. வலி மிகுந்த கட்டத்தில் தோளைப் பலமாக இழுத்தால் வலி கூடத்தான் செய்யும். இங்கிலாந்தில் 503 பேரிடம் நடந்து 2020ல் வந்த பெரிய ஆய்வில், மயக்க மருந்து கொடுத்துத் தோளை அசைத்து விடுவது, துளை வழியாகச் செய்யும் அறுவை, ஊசியோடு முறையான பிசியோ ஆகிய மூன்றையும் ஒப்பிட்டார்கள். ஒரு வருடத்தில் நோயாளிக்குத் தெரியும் அளவுக்கு எதுவும் மற்றதை மிஞ்சவில்லை. பொதுவாக ஒன்று முதல் மூன்று வருடத்தில் தளர்ந்து வரும் நோய் இது. பத்து சிட்டிங்கில் சரியாகிவிடும் என்று யார் சொன்னாலும், நான் சொன்னாலும், நம்பாதீர்கள்.

இந்த ஆராய்ச்சிகளில் ஒரு அடிப்படைச் சிக்கல் இருக்கிறது. மாத்திரையில் உண்மையையும் போலியையும் ஒரே நிறத்தில் கொடுத்துவிடலாம், கொடுப்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. கையால் செய்வதில் செய்பவருக்குத் தான் என்ன செய்கிறோம் என்று எப்போதும் தெரியும், அந்த நம்பிக்கை முகத்திலும் விரலிலும் வந்துவிடும். 2010ல் பிரிட்டனின் கைரோபிராக்டிக் கவுன்சில் கேட்டு எழுதப்பட்ட ஆதாரத் தொகுப்பு, முதுகு வலிக்கும் சில கை கால் மூட்டு நோய்களுக்கும் பலன் உண்டு என்றது. அதே தொகுப்பு ஆஸ்துமாவுக்கும் மாதவிடாய் வலிக்கும் முதுகெலும்பைத் திருப்புவதால் பலன் இல்லை என்றும் சொன்னது. தங்களுக்கு எதிரானதையும் சேர்த்துப் போட்டதால் அந்த அறிக்கை மேல் எனக்கு மரியாதை உண்டு.

ஆபத்தைப் பற்றி. கை கால் மூட்டுகளில் மெதுவாக அசைப்பதால் வருவது பெரும்பாலும் ஓரிரு நாள் வலி. பெரிய கேடு வருவது, எங்கே கை வைக்கக் கூடாதோ அங்கே வைக்கும்போது. பொடக்காலியில் வழுக்கி விழுந்த ஒரு பாட்டியின் மணிக்கட்டைச் சுளுக்கு என்று நினைத்து மூன்று வாரம் எண்ணெய் போட்டு உருவியிருந்தார்கள். என்னிடம் வந்தபோது கை கரண்டி மாதிரி வளைந்திருந்தது. நான் தொடவே இல்லை, எக்ஸ்ரேவுக்கு அனுப்பினேன், எலும்பு முறிந்து கோணலாகக் கூடியிருந்தது. கடைசி வரை அவரால் சேலைக் கொசுவத்தை ஒரு கையால் பிடிக்க முடியவில்லை. விழுந்த பின் வந்த வலி, நாலு அடி நடக்க முடியாத கணுக்கால், இரவில் தூங்கவிடாத வலி, காய்ச்சலோடு சூடாக வீங்கிய மூட்டு, ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீக்கம், காரணமில்லாமல் எடை குறைவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் டாக்டர். எலும்பு மெலிவு இருப்பவர்களுக்கும் பல வருடமாக ஸ்டீராய்டு சாப்பிடுபவர்களுக்கும் சட்டென்று விசை கொடுக்கக் கூடாது. ‘மூட்டு வலிப் பொடி’ என்று பெயரில்லாத பொட்டலம் அம்மா வாங்கிச் சாப்பிடுகிறாரா என்றும் கேளுங்கள், அப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது நடக்கிற கதை.

கழுத்து தனி. முழங்காலுக்குப் போனவரின் கழுத்தையும் சேர்த்துத் திருப்பிவிடுவது வீடியோக்களில் சாதாரணமாக நடக்கிறது. கழுத்தைச் சட்டென்று திருப்பிய பின் ரத்தக்குழாய் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் பற்றிய பதிவுகள் இருக்கின்றன. அது திருப்பியதால் வந்ததா, ஏற்கெனவே கிழியத் தொடங்கியதால் வந்த கழுத்து வலிக்குத்தான் அவர் போனாரா என்பதில் ஆய்வாளர்களிடம் உடன்பாடு இல்லை. கனடாவில் 2008ல் வந்த பெரிய ஆய்வு, கைரோபிராக்டரிடம் போனவர்களிடம் பக்கவாதத்தோடு கண்ட அதே தொடர்பை, குடும்ப டாக்டரிடம் போனவர்களிடமும் கண்டது. அரிதானதுதான். ஆனால் முழங்கால் வலிக்கு அந்தச் சிறு ஆபத்தையும் எடுக்க எந்த அவசியமும் இல்லை. போனாலும், கழுத்தைத் தொடக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கூட்டிப் போகலாமா என்றால், இப்படி யோசியுங்கள். நம் நாட்டில் கைரோபிராக்டிக்குக்கென்று தனிக் கவுன்சில் கிடையாது. வெளிநாட்டில் வருடக்கணக்கில் படித்து வந்தவரும், சில நாள் பயிற்சி முகாமுக்குப் போய்வந்தவரும் ஒரே பலகையை மாட்டலாம். என்ன படித்தீர்கள், எங்கே என்று கேட்பதில் தப்பில்லை. முதல் நாள் எவ்வளவு நேரம் விசாரித்தார், சர்க்கரை, பி.பி., பழைய அடி எல்லாம் கேட்டாரா, வீட்டில் செய்யப் பயிற்சி சொல்லிக் கொடுத்தாரா என்று பாருங்கள். பயிற்சி சொல்லித்தராமல் படுக்க வைத்துத் திருப்பி அனுப்புபவர் எந்தப் பட்டம் வைத்திருந்தாலும், பிசியோவாகவே இருந்தாலும், அங்கே போக வேண்டாம். முன்பணமாகப் பத்து சிட்டிங்குக்குக் கட்டாதீர்கள். மூன்று நாலு தடவையில் கொஞ்சமாவது மாற்றம் தெரிய வேண்டும்.

அதற்கு முன்னால் செலவில்லாமல் தொடங்கக் கூடியது ஒன்று இருக்கிறது. முழங்காலுக்குக் கீழே துண்டைச் சுருட்டி வைத்து, அதை அமுக்கி ஐந்து எண்ணும் வரை பிடித்து விடுவது, பத்து தடவை. நாற்காலியில் கையூன்றாமல் எழுந்து உட்காருவது, முதலில் ஐந்து, வாரம் போகப் போகப் பதினைந்து. பயிற்சிக்கு அப்புறம் லேசாக வலிக்கலாம், மறுநாள் காலையிலும் கூடுதலாக இருந்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள். எடை அதிகம் என்றால், ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்கால் மேல் விழும் பாரத்தில் ஏறக்குறைய நாலு கிலோ குறைகிறது. தறிகளுக்கு நடுவில் நாள் முழுக்க நடப்பவருக்கு அது எத்தனை ஆயிரம் அடி என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நாடா மாற்ற வலது கையையே நீட்டாமல் உடம்போடு திரும்பி நிற்கச் சொல்லுங்கள்.

தோளுக்கு, இந்த வாரமே மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை டெஸ்ட் எடுத்துவிட்டு எலும்பு டாக்டரிடம் ஒரு தடவை காட்டுங்கள். போகும்போது அம்மாவிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள்: வலியால் விட்டுப்போன வேலைகளில் எது முதலில் திரும்ப வேண்டும்? தலை சீவிக் கொண்டை போடுவதா, கீழே உட்கார்ந்து எழுவதா, பஸ் படி ஏறுவதா? யாரிடம் சிகிச்சை எடுத்தாலும் ஆறாவது வாரம் அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள். அதில் எழுதியது ஒன்றும் நகரவில்லை என்றால் அங்கே போவதை நிறுத்திவிட்டு, தாளோடும் டெஸ்ட் ரிப்போர்ட்டோடும் டாக்டரிடம் திரும்பப் போங்கள். ரிப்போர்ட் வந்ததும் இங்கே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.